1640 தீர்ப்பும் 450 ஏக்கரும்: ஜான் பஞ்ச் கேஸ்ல லிங்க் எங்க விட்டுப்போச்சு?

லோனுக்கு வர்ற பத்திரங்களை படிச்சு ஒபினியன் எழுதுற ஆபீஸ்ல பல வருஷம் குப்பை கொட்டினவன் நான். தாய்ப்பத்திரம் எங்க, நடுவுல லிங்க் டாக்குமெண்ட் (ஒரு கையில இருந்து அடுத்த கைக்கு மாறினதை காட்டுற பத்திரம்) விட்டுப்போச்சா, வாரிசு யாரு, இதே பேர்ல வேற ஆள் எவனாச்சும் இருக்கானா, தினமும் இதே நாலு கேள்விதான். அந்தப் பழக்கம் விடாம, ஒருத்தரோட முன்னோரை தேடின கேஸ் ஒன்னையும் இதே கண்ணோட படிச்சேன். நிலத்துக்கு பதிலா ரத்த சொந்தம், மத்தபடி வேலை அச்சு அசலா அதேதான்.

கேஸ் இதுதான். 2012 ஜூலைல ஆன்செஸ்ட்ரி டாட் காம்ங்கிற வம்சாவளி தேடுற வெப்சைட் ஆளுங்க ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. ஒபாமாவோட முன்னோர்ல ஒருத்தர் ஜான் பஞ்ச், 1640ல வர்ஜீனியா காலனி கோர்ட் ஆயுசு முழுக்க அடிமை வேலை செய்யணும்னு தீர்ப்பு சொன்ன ஆப்பிரிக்கர், அப்படின்னு. இதுல ட்விஸ்ட் என்னன்னா இந்த வழி வர்றது கென்யாக்கார அப்பா பக்கமா இல்ல, கன்சாஸ் வெள்ளைக்கார குடும்பத்துல பொறந்த அம்மா ஸ்டான்லி ஆன் டன்ஹாம் பக்கமா. நியூஸ்ல எல்லாரும் இந்த ட்விஸ்ட்டை பிடிச்சுக்கிட்டு ரெண்டு நாள் பேசிட்டு விட்டுட்டாங்க. எனக்கு வேண்டியிருந்தது வேற. எந்தப் பேப்பர் எந்தப் பேப்பரோட சேருது, எங்க சேரல?

முதல்ல பேர் பஞ்சாயத்தை முடிச்சுடலாம், இல்லைன்னா தமிழ்ல இதை படிக்கவே முடியாது. கோர்ட்ல தண்டனை வாங்கினவர் பேர் பஞ்ச். பின்னாடி நிலம் வாங்கின, ஒபாமாவோட அம்மா வழி போய்ச் சேர்ற குடும்பத்தோட பேரும் பஞ்ச். முதல் பஞ்ச்ல இருக்கிறது பல்லுல வர்ற ப, ரெண்டாவதுல பஸ்ஸுல வர்ற ப. நம்ம எழுத்துல ரெண்டும் ஒன்னுதான், இங்கிலீஷ்ல வேற வேற எழுத்து. அதனால கோர்ட் ஆளை ஜான் பஞ்ச்னும் நிலக் குடும்பத்தை பஸ்-பஞ்ச்னும் சொல்றேன், சிரிக்காம படிங்க. யோசிச்சுப் பார்த்தா நம்ம எழுத்துல நடக்கிற அதே குழப்பம்தான் 17ம் நூற்றாண்டு கிளார்க் காதுலயும் நடந்திருக்கு. அப்போ பேருக்கு நிலையான ஸ்பெல்லிங் கிடையாது, பேருக்கு உரியவருக்கு பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாது, அவர் வாயில வந்தது கிளார்க் காதுல எப்படி விழுந்துச்சோ அதுதான் ரெக்கார்டு. ஸ்பெல்லிங் வேறன்னு ஒரு பேப்பரை தூக்கிப் போட்டீங்கன்னா அந்தக் காலத்து ஆள் ஒருத்தரையும் கண்டுபிடிக்க முடியாது, ஸ்பெல்லிங் ஒத்துப்போகுதுன்னு ரெண்டு பேரை ஒன்னாக்கினாலும் அதே கதிதான்.

சரி, தாய்ப்பத்திரத்துக்கு வருவோம். ஹ்யூ க்வின்னு ஒரு பெரிய நிலக்காரர். அவர்கிட்ட இருந்த மூணு வேலையாட்கள் மேரிலாண்ட் காலனிக்கு ஓடிட்டாங்க. 1640 ஜூன் மாசம் அவர் ஜெனரல் கோர்ட்ல மனு போடுறார், அவங்களை அங்கேயே வித்துக்கிறேன், அனுமதி கொடுங்கன்னு. இதுக்கு ஒத்துக்கிட்டா தப்பான முன்னுதாரணம் ஆயிடும்னு கோர்ட் மறுத்துட்டு, ஆளுங்களை திருப்பிக் கொண்டுவர ஏற்பாடு பண்ணுது. ஜூலை 9ல தீர்ப்பு. மூணு பேருக்கும் ஆளுக்கு 30 சவுக்கடி. அதுல விக்டர்னு ஒரு டச்சுக்காரர், ஜேம்ஸ் கிரிகோரின்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், இந்த ரெண்டு பேரும் ஒப்பந்தப்படி மிச்ச காலத்தை முடிக்கணும், அதுக்கு மேல எஜமானுக்கு ஒரு வருஷம், அப்புறம் காலனிக்கு மூணு வருஷம். மூணாவது ஆள், "நீக்ரோ, பேர் ஜான் பஞ்ச்", அவர் தன் எஜமானுக்கோ எஜமான் உரிமை மாத்திக் கொடுக்கிறவருக்கோ ஆயுள் முழுக்க, இங்கயோ வேற எங்கயோ வேலை செய்யணும்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாது. மூணு பேரையும் ஒரே வார்த்தையில வேலையாள்னுதான் சொல்லுது. ஆனா "ஒப்பந்தப்படி"ங்கிற வார்த்தை முதல் ரெண்டு பேருக்கு மட்டும்தான் வருது, மூணாவது ஆளுக்கு ஒப்பந்தம் இருந்துச்சா இல்லையான்னு மூச்சு விடல. அடுத்து "உரிமை மாத்திக் கொடுக்கிறவர்", "வேற எங்கயோ". நிலப் பத்திரம் பார்த்தவங்களுக்கு இது என்ன பாஷைன்னு உடனே தெரியும், சொத்தை கைமாத்துற பாஷை. ஒரு மாசம் முன்னாடி மேரிலாண்ட்ல வித்துக்கிறேன்னு கேட்டதுக்கு மாட்டேன்னு சொன்ன அதே கோர்ட், இங்க ஒரே ஒரு ஆள் விஷயத்துல எங்க வேணா கைமாத்திக்கோன்னு கதவை திறந்து விடுது. ஒரே குத்தம், ஒரே சவுக்கடி, ஆனா ரெண்டு பேருக்கு நாலு வருஷம், ஒருத்தருக்கு ஆயுசு, தீர்ப்பு சொல்ற ஒரே வித்தியாசம் அவர் ஆப்பிரிக்கர்ங்கிறதுதான். அதனாலதான் அமெரிக்க இங்கிலீஷ் காலனிகள்ல ஆயுள் அடிமைன்னு பேரோட ஆவணத்துல பதிவான முதல் ஆள் இவர்னு பல வரலாற்று ஆய்வாளர்கள் சொல்றாங்க.

அதே மாசம் அதே கோர்ட்ல வேலையாட்கள் தப்பி ஓடின இன்னொரு கேஸ் வந்திருக்கு. கேப்டன் பியர்ஸோட வேலையாட்கள் சிலர் எம்மானுவேல்ங்கிற ஆப்பிரிக்கரோட சேர்ந்து படகு எடுத்துக்கிட்டு கிளம்பி மாட்டினாங்க. மத்தவங்கள்ல பல பேருக்கு கூடுதல் வருஷம் போடுறாங்க, எம்மானுவேலுக்கு 30 அடி, கன்னத்துல சூடு, ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ காலில் விலங்கு. கூடுதல் வருஷம் மட்டும் போடல. அவர் ஏற்கனவே ஆயுசு முழுக்க அடிமையா இருந்திருந்தா வருஷத்தை எங்க கூட்டுறது? பக்கத்து கேஸை படிக்காம நம்ம கேஸை மட்டும் படிச்சா இப்படி ஒரு விஷயம் கண்ணுலயே படாது.

1640க்கு அப்புறம் ஜான் பஞ்ச் பேர் ரெக்கார்டுல எங்கயும் வரல. அந்த தீர்ப்பே நமக்கு கிடைச்சது அதிர்ஷ்டம்தான். ஜெனரல் கோர்ட்டோட ரெக்கார்டுல பெரும்பகுதி 1865 ஏப்ரல்ல, சிவில் வார் முடியுற நேரத்துல ரிச்மண்ட் பத்தி எரிஞ்சப்போ சாம்பலாயிடுச்சு, அதுக்கு முன்னாடி யாரோ எடுத்து வச்ச நகல்கள்தான் 1640 வாக்குல நமக்கு மிச்சம். அதாவது தாய்ப்பத்திரமே செராக்ஸ்தான்.

இப்போ அடுத்த முனை. 1662ல வர்ஜீனியா லங்காஸ்டர் கவுன்டில (நம்ம ஜில்லா மாதிரி) 450 ஏக்கருக்கு ஜான் பஸ்-பஞ்ச் பேர்ல ஒரு பேட்டன்ட். பேட்டன்ட்னா இங்க கண்டுபிடிப்பு இல்ல, ராஜா பேர்ல காலனி கொடுக்கிற நிலப் பட்டா. அந்த பேட்டன்ட் புத்தகங்கள் 1623ல இருந்து இருக்கு. கவுன்டி கோர்ட்டெல்லாம் எரிஞ்ச இடத்துல கூட இது மாகாண லெவல்ல தனியா இருந்ததால தப்பிச்சது. அங்க நிலம் கிடைக்கிற முறை நமக்கு விசித்திரமா இருக்கும். ஒரு ஆளை காலனிக்கு கூட்டிட்டு வந்த செலவை ஏத்துக்கிட்டவருக்கு தலைக்கு 50 ஏக்கர். அப்போ 450 ஏக்கர்னா 9 தலை. ஆனா இந்த தலை உரிமையை காசுக்கு வாங்கி விக்கவும் செஞ்சாங்க, அதனால 450 ஏக்கர் வச்சிருந்தார்னு பார்த்ததும் ஒன்பது பேரை கப்பல்ல கூட்டிட்டு வந்தவர்னு கதை கட்டக் கூடாது, நான் முதல் தடவை கட்டினேன்.

அந்தக் காலத்து பட்டாவுல செக்குபந்தி எழுதுற அழகே தனி. குறிப்பிட்ட ஓக் மரத்துல ஆரம்பிச்சு, இன்னார் நில மூலை வரைக்கும் இத்தனை போல், அங்கிருந்து ஓடை ஓரமா இத்தனை போல், மறுபடி அதே ஓக் மரம். ஒரு போல்னா பதினாறரை அடி. மரம் செத்துப்போயிருக்கும், ஓடை திசை மாறியிருக்கும், ஆனா பக்கத்து நிலக்காரன் பேர் அப்படியே நிக்கும். முன்னோரை தேடுறவங்களுக்கு நிலத்தை விட இந்த பக்கத்து நிலக்காரன்தான் முக்கியம், ஏன்னா ஒரே பேர்ல மூணு ஜான் இருக்கும்போது எந்த ஜான் எவன் வேலிக்கு பக்கத்துல இருந்தான்னு பார்த்துத்தான் பிரிக்க முடியும். விக்கிறப்போ பொண்டாட்டி தன் பங்கை விட்டுக்கொடுத்து கையெழுத்து போட்டிருந்தா அந்தப் பேரும் ஒரு அடையாளம். சாட்சி போட்டவன் யாருன்னும் பாக்கணும், பெரும்பாலும் மச்சானா இருப்பான்.

இந்தக் குடும்பத்துலயும் ஜான், ஜான், ஜான்தான். ஆராய்ச்சிக்காரங்க ஒன்னு ரெண்டு மூணுன்னு நம்பர் போட்டிருக்காங்க, ஆனா அந்த நம்பர் ரெக்கார்டுல கிடையாது, நம்ம வசதிக்கு நாமளே ஒட்டினது. ரெக்கார்டுல சீனியர், ஜூனியர்னு வந்தா கூட அப்பா மகன்னு அர்த்தம் இல்ல, ஒரே ஊர்ல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா வயசுல மூத்தவன் சீனியர், சித்தப்பாவா இருக்கலாம், சொந்தமே இல்லாதவனா கூட இருக்கலாம். இதுல வழுக்கி விழுந்த வம்ச மரங்கள் எண்ணிக்கையில அடங்காது.

நிலத்தை தொடர்ந்து போறதுக்கு இன்னொரு இடைஞ்சல் கவுன்டியை வெட்டிக்கிட்டே போனது. யார்க்ல இருந்து 1654ல நியூ கென்ட் பிரிஞ்சது, நியூ கென்ட்ல இருந்து 1720ல ஹனோவர், ஹனோவர்ல இருந்து 1742ல லூயிசா. வீடு நகராம ஜில்லா மட்டும் நகரும். தாத்தா பத்திரத்தை நியூ கென்ட்லயும் பேரன் பத்திரத்தை லூயிசாலயும் தேடணும், நிலம் என்னவோ அதே நிலமா இருக்கும். அதுலயும் நியூ கென்ட் கிளார்க் ஆபீஸையும் ஜெயிலையும் 1787ல ஜான் போஸின்னு ஒருத்தர் கொளுத்திட்டார், அதுக்காக அடுத்த வருஷம் தூக்குலயும் தொங்கினார், ஆனா ரெக்கார்டு போனது போனதுதான். ஹனோவரோடது பெரும்பாலும் 1865 ரிச்மண்ட் தீயில. லூயிசாவோடது மட்டும் நல்லபடியா இருக்கு. பஸ்-பஞ்ச் குடும்பம் லூயிசாவுக்குள்ள வந்த பிறகு பேப்பர் நல்லா ஓடுதுன்னா அதுக்கு இதான் காரணம், அவங்க திடீர்னு ஒழுங்கா ரெஜிஸ்டர் பண்ண ஆரம்பிச்சாங்கன்னு இல்ல.

எரிஞ்ச கவுன்டிக்கு மாத்து வழி சர்ச் புத்தகம். அந்தக் காலத்து சட்டப்படி நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்க்காரங்க நில எல்லையை சுத்தி நடந்து, மரத்துல போட்ட குறியை புதுப்பிச்சுட்டு வரணும். யார் யார் நிலத்தை சுத்தணும்னு ஏற்பாடு பண்றது சர்ச் கமிட்டி, அதை எழுதி வைக்கிறதும் அவங்க புத்தகத்துலதான். நியூ கென்ட்டோட செயின்ட் பீட்டர்ஸ் பாரிஷ் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட வட்டாரம்) புத்தகம் 1684ல இருந்தே இருக்கு, ஹனோவர் பக்கத்துல செயின்ட் பால்ஸ் புத்தகமும் தப்பிச்சது. கோர்ட் எரிஞ்ச ஊர்ல இந்த வேலி சுத்தின லிஸ்ட்தான் அடங்கல் மாதிரி, எவன் எவனுக்கு அடுத்து இருந்தான்னு அப்படியே கிடைக்கும்.

இனி இந்த கேஸ்லயே சுவாரஸ்யமான பேப்பர், 1705. ஜான் பஸ்-பஞ்ச்னு ஒருத்தரும் சாரா ஸ்லேடன்ங்கிற வெள்ளைக்காரப் பொண்ணும் காலனி கவுன்சில்ல மனு போடுறாங்க, பிளிஸ்லாண்ட் பாரிஷ் பாதிரியார் எங்களுக்கு கல்யாணம் பண்ணி வைக்க மாட்டேங்கிறார், அனுமதி கொடுங்கன்னு. 1691ல ஒரு சட்டம் போட்டிருந்தாங்க, நீக்ரோ, முலாட்டோ (கறுப்பு வெள்ளை கலப்புல பொறந்தவர்), இந்தியர் (நம்ம ஊர்க்காரங்க இல்ல, அமெரிக்க பூர்வகுடிகள்) இவங்கள்ல யாரையாச்சும் வெள்ளைக்காரங்க கட்டிக்கிட்டா மூணு மாசத்துல நாடு கடத்தல். பாதிரியார் பயந்தது அதுக்குத்தான். கவுன்சில் தானா முடிவெடுக்காம அட்டர்னி ஜெனரல் ஸ்டீவன்ஸ் தாம்சன் பக்கம் தள்ளிவிடுது. அவர் சொன்னது பக்கா வக்கீல் பதில். இது தண்டனைச் சட்டம், அதனால வார்த்தையை இழுத்து விரிக்கக் கூடாது, முலாட்டோன்னா ஒரு பக்கம் நீக்ரோ ஒரு பக்கம் வெள்ளை, அந்த ரெண்டு பேருக்கும் நேரடியா பொறந்த பிள்ளை, ஒரு முலாட்டோ ஆணுக்கும் வெள்ளைக்காரிக்கும் பொறந்த பிள்ளையை அந்தப் பேர்ல சேர்க்க முடியுமாங்கிறது சந்தேகம்தான்.

நமக்கு வேண்டியது அந்தப் பதில் இல்ல, கேள்வி. முலாட்டோ அப்பாவுக்கும் வெள்ளைக்கார அம்மாவுக்கும் பொறந்தவரை எப்படி எடுத்துக்கிறதுன்னுதான் கேள்வியே. அப்போ மனு போட்ட ஜானோட அப்பா முலாட்டோன்னு ஊர் சொல்லியிருக்கு, அந்த அப்பாவுக்கு மேல ஒரு ஆப்பிரிக்கர் இருந்திருக்கார். தலைமுறை கணக்கு போட்டா அது 1600களோட நடுவுக்கு கொஞ்சம் முன்ன பின்ன போய் நிக்குது. முலாட்டோங்கிற வார்த்தையை அப்போ எல்லாரும் அளந்து பேசினாங்கன்னு இல்ல, அதனால ஒரு தலைமுறை கூடலாம் குறையலாம். இருந்தாலும் நிலம் வச்சிருந்த ஒரு குடும்பத்தோட ஆப்பிரிக்க வேரை ஒரு கல்யாண மனு காட்டிக்கொடுக்குது, நிலப் பத்திரம் ஒன்னு கூட அதை சொல்லல. அதே 1705 அக்டோபர்ல சட்டசபை தாம்சன் காட்டின ஓட்டையை அடைச்சுடுச்சு, நீக்ரோவோட பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் முலாட்டோதான், கல்யாணம் பண்ணி வைக்கிற பாதிரியாருக்கு 10,000 பவுண்ட் எடை புகையிலை அபராதம்னு. பணத்துக்கு பதிலா அங்க புகையிலைதான் ஓடிச்சு.

அடுத்து டிஎன்ஏ. ஒபாமாகிட்ட எடுத்து பிரயோஜனம் இல்ல, ஏன்னா ஒய் குரோமோசோம் அப்பா மகன்னு ஆண் வழியிலதான் இறங்கும், இவருக்கு சொந்தம் அம்மா வழி. அதனால பஸ்-பஞ்ச் பேரை இன்னைக்கும் வச்சிருக்கிற, ஆண் வழியில நேரா வர்ற ஆளுங்களோட டெஸ்ட்டை எடுத்துப் பார்த்தாங்க. வர்ஜீனியா கிளை, நார்த் கரோலினா கிளை, ரெண்டும் ஒத்துப்போச்சு, ரெண்டும் சஹாராவுக்கு தெற்க இருக்கிற ஆப்பிரிக்காவை காட்டுச்சு. இதுல வர்ஜீனியா கிளை ரொம்ப தலைமுறையா வெள்ளைக்காரங்களாவே வாழ்ந்த குடும்பம். ஆக இந்தக் குடும்பத்தோட முதல் ஆண் ஆப்பிரிக்கர், அதுல இனி வாதமே இல்ல.

ஆனா அந்த ஆப்பிரிக்கர் ஜான் பஞ்ச்தானா? இங்கதான் லிங்க் இல்ல. 1640 தீர்ப்புக்கும் 1662 பட்டாவுக்கும் நடுவுல 22 வருஷம், அப்பன் பேரை சொல்ற ஒரு பேப்பர் கூட கிடையாது. டிஎன்ஏ கண்டத்தை சொல்லும், ஆள் பேரை சொல்லாது. அப்போ என்ன வச்சு சொன்னாங்க? விலக்கிக்கிட்டே வந்து. 1649ல ஒரு கணக்கு வர்ஜீனியால இங்கிலீஷ்காரங்க 15,000 பேர், ஆப்பிரிக்கர் 300 பேர்னு சொல்லுது. 1630கள்ல அதை விட ரொம்ப கம்மி. அதுலயும் ரெக்கார்டுல முக்கால்வாசி பேர் வெறும் அந்தோணி, எம்மானுவேல்னு ஒத்தைப் பேர்தான், இங்கிலீஷ் குடும்பப் பேரோட வர்றவங்களே கொஞ்சம். அதுல இந்த ஓசையில பேர் வச்சிருந்த ஆப்பிரிக்க ஆண் ஆவணங்கள்ல ஒரே ஒருத்தர். பிள்ளை எப்படி சுதந்திரமா நிலம் வாங்கினார்ங்கிறதுக்கும் பதில் இருக்கு: அம்மா வெள்ளைக்கார வேலைக்காரியா இருந்திருந்தா பிள்ளை அடிமை இல்ல. தாயோட நிலைதான் பிள்ளைக்குன்னு 1662 டிசம்பர்ல சட்டமே வந்துச்சு, அதுக்கு முன்னாடி எழுதப்படாத வழக்கமா கொஞ்சம் இழுபறியா இருந்தது. 1662ல பட்டா வாங்கியிருக்கார்னா பெரும்பாலும் 21 வயசு தாண்டியிருக்கணும், அப்போ பிறப்பு 1640 வாக்குலயோ அதுக்கு முன்னாடியோ. தேதி இடிக்கல.

இதே வர்ஜீனியால ரெக்கார்டு எரியாத இடத்துல கேஸ் எப்படி இருக்கும்னு பாக்க நார்த்தாம்ப்டன் கவுன்டியை பாக்கலாம், அங்க 1632ல இருந்து கோர்ட் புத்தகம் விடாம இருக்கு. அந்தோணி ஜான்சன்னு ஒரு ஆப்பிரிக்கர், 1621ல வெறும் அந்தோனியோவா வந்து இறங்கினவர், 1651ல 250 ஏக்கருக்கு பட்டா, 1655ல தன்கிட்ட வேலை செஞ்ச ஜான் கேசர்ங்கிற ஆளை திருப்பிக் கேட்டு பக்கத்து நிலக்காரர் பார்க்கர் மேல கேஸ் போட்டு ஜெயிக்கிறார். ஒத்தைப் பேர்ல இருந்து முழுப் பேர் வரைக்கும் ஒரு மனுஷனை அடி அடியா தொடர முடியுது. ஜான் பஞ்ச் கேஸ்ல இல்லாதது அந்த நடு அடிதான்.

ஆய்வை வெளியில இருந்து சரிபார்த்தவங்க எலிசபெத் ஷோன் மில்ஸ், அந்தத் துறையில பெரிய பேர். அவங்க சொன்னதோட சாரம்: ஆப்பிரிக்க வேர் மறுக்க முடியாதது, மிச்சம் இருக்கிற பேப்பர் எல்லாம் ஜான் பஞ்ச் ஒருத்தரைத்தான் காட்டுது, ஆனா நூத்துக்கணக்கான வருஷம் முன்னாடி இவன்தான் அவனுக்கு அப்பன்னு முடிந்த முடிவா யாராலும் நிரூபிக்க முடியாது. நியாயமான பேச்சு. நியூஸ் தலைப்புல இந்தக் கடைசி பாதி காணாமப் போச்சு.

கீழ் பக்கம், அதாவது லூயிசாவுல இருந்து இந்தப் பக்கம், எனக்கு பெரிய சண்டை இல்ல. குடும்பம் டென்னசி பக்கம் நகருது, அன்னா பஸ்-பஞ்ச் ஆல்ரெட் குடும்பத்துல கல்யாணம் பண்றாங்க, அடுத்தடுத்து பொண்ணு வழியா ரைட், மெக்கரி, பெய்ன்னு பேர் மாறி கன்சாஸ்ல மேட்லின் பெய்ன், ஒபாமாவோட பாட்டி. இதெல்லாம் சென்சஸ் வந்த பிறகு நடந்த காலம், பேப்பர் நிறைய இருக்கு.

என்கிட்ட இதுக்கு ஒபினியன் கேட்டா கிளியர் டைட்டில்னு எழுத மாட்டேன். ஒரு லிங்க் டாக்குமெண்ட் இல்ல, ஆனா போட்டிக்கு பாத்தியதை கேட்டு வர வேற ஆளும் இல்லைன்னு எழுதி கையெழுத்து போடுவேன். நாளைக்கே ஏதோ ஒரு பழைய நகல் கட்டுல 1650 வாக்குல வேற ஒரு ஆப்பிரிக்கர் அதே ஓசையில பேரோட வந்து நின்னா அன்னைக்கே திருத்துவேன். இப்போதைக்கு நான் தேடணும்னு நினைக்கிறது ஜான் பஞ்சை கூட இல்ல, ஹ்யூ க்வின்னை. மேப்ல அவர் பேர்ல சேசபீக் ஓரமா தீவே இருக்கு. வேலையாள் பேர் ரெக்கார்டுல வராது, எஜமான் பேர் வரும். 1640க்கு அப்புறம் அவர் யாருக்கு நிலம் வித்தார், பக்கத்து நிலக்காரங்க யாரு, அவங்க வீட்டுல வேலைக்கு இருந்த வெள்ளைக்காரப் பொண்ணுங்க யாராச்சும் கல்யாணம் ஆகாம பிள்ளை பெத்ததா கோர்ட்ல நிறுத்தப்பட்டாங்களா. அந்த அம்மா பேர் எங்கயாச்சும் ஒரு வரியில இருந்தா, அந்த வரிதான் விட்டுப்போன லிங்க்.